மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் 'விஷ் யூ வேர் ஹியர்': தட்டும் ஊசியும் கேட்கும் முறையும்

பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் இந்த இசைத்தட்டைப் போட்டதும் பலர் செய்யும் முதல் தப்பு, சத்தத்தைக் கூட்டுவது. ஊசி இறங்கிய பிறகு சில விநாடிகள் காதுக்கு ஒன்றும் எட்டாது. அப்புறம், ஆற்றுக்கு அக்கரையில் யாரோ சுருதிப்பெட்டி போட்டதுபோல ஒரு முழக்கம் மெல்லக் கசிந்து வரும். ஸ்பீக்கரில் கோளாறோ என்று நினைத்துக் குமிழைத் திருகிவிடுவார்கள். நான்கு நிமிடம் கழித்து டிரம் விழும்போது தகரக் கூரையே அதிரும். ஓடிப்போய்க் குறைப்பதற்குள் அந்தப் பாட்டின் மிக நல்ல இடம் கைவிட்டுப் போயிருக்கும்.

இதற்கு வழி எளிது. முதலில் இரண்டாம் பக்கத்தைப் போட்டு, அதன் முதல் பாட்டை அரை நிமிடம் ஓட்டுங்கள். அது எடுத்த எடுப்பிலேயே முழுப் பலத்தோடு வரும் பாட்டு. அதற்குப் பொருந்தும் அளவில் சத்தத்தை வைத்துவிட்டுத் தட்டைத் திருப்பி, முதல் பக்கத்தைத் தொடங்குங்கள். அதன்பின் குமிழைத் தொடவே வேண்டாம். தொடக்கம் அவ்வளவு மெதுவாகத்தான் இருக்க வேண்டும், அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்.

பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 'விஷ் யூ வேர் ஹியர்' 1975 செப்டம்பர் 12 அன்று பிரிட்டனில் வெளிவந்தது. அந்த ஆண்டு ஜனவரியிலிருந்து ஜூலை வரை லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். ரோஜர் வாட்டர்ஸ் பேஸ் கித்தார், டேவிட் கில்மோர் கித்தார், ரிச்சர்ட் ரைட் கீபோர்டு, நிக் மேசன் டிரம். மொத்தம் ஐந்தே உருப்படி, ஏறக்குறைய 44 நிமிடம். அதில் 26 நிமிடம் ஒரே பாட்டு: 'ஷைன் ஆன் யூ கிரேசி டைமண்ட்'. அதை இரண்டாக வெட்டி ஒரு பாதியைத் தட்டின் தலையிலும் மறு பாதியைக் காலிலும் வைத்திருக்கிறார்கள். வெட்டச் சொன்னவர் வாட்டர்ஸ். கில்மோர் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் மற்ற மூவரும் ஒரு பக்கம் நின்றார்கள். வாட்டர்ஸ் சொன்னதே சரி. முழுதாக ஒரு பக்கத்தில் போட்டிருந்தால் அது நீளமான நல்ல பாட்டு என்ற அளவில் நின்றிருக்கும். வெட்டியதால் நடுவில் வரும் மூன்று பாட்டும் அதன் மடிக்குள் வந்துவிட்டன.

இதே குழுவின் 1973ஆம் ஆண்டுத் தட்டான 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' இதைவிடப் பெயர் பெற்றது. அது காலம், பணம், பைத்தியம், சாவு என்று மனிதனுக்கு வரும் எல்லாத் தொல்லையையும் பேசுகிறது. 'விஷ் யூ வேர் ஹியர்' ஒரே ஆளைப் பற்றியது. அந்த ஆளும் அதில் இல்லை. அதனால்தான் இது மேலான தட்டு. இல்லாத ஒருவரைப் பற்றிப் பாடுவது யாருக்கும் முடியும். அந்த இல்லாமையைச் சத்தத்திலேயே செய்து காட்டுவது அரிது. இந்தத் தட்டில் அதைச் செய்திருக்கிறார்கள், எப்படி என்று இடம் சுட்டியே சொல்ல முடியும்.

தொடக்கத்திலிருந்து வருவோம். அந்த முழக்கத்துக்குள் கண்ணாடிக் கிண்ணங்களின் ஒலி இருக்கிறது. 'டார்க் சைட்' முடிந்த கையோடு, இசைக்கருவி எதுவும் இல்லாமல் வீட்டுப் பொருள்களைக் கொண்டே ஒரு தட்டு செய்ய இவர்கள் முயன்றார்கள். ரப்பர் பேண்டு, மதுக் கிண்ணம் என்று எதையெதையோ வைத்து வாரக்கணக்கில் பதிவு செய்து பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். அதில் மிஞ்சியது கிண்ண ஒலி. நம் ஜலதரங்கத்தில் கிண்ணத்தைக் குச்சியால் தட்டுவோம். இங்கே நீர் வார்த்த கண்ணாடியின் விளிம்பை ஈர விரலால் தேய்த்து எழுப்பியிருக்கிறார்கள். அதன்மேல் ரைட் தம் சின்தசைசர்களைப் பரப்புகிறார். சுருதி ஜி. கித்தார் வருகிறது, பேசுகிறது, நிறுத்துகிறது. தாளம் கிடையாது. ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிதாகவே தோன்றாது. ராகத்தின் முகத்தைக் காட்டிவிட்டு, பல்லவியை எடுக்காமல் இழுத்துக்கொண்டே போகிறார்கள்.

நான்காவது நிமிடத்தின் முடிவில் அந்த நாலு சுரம் விழுகிறது. பி ஃபிளாட், எஃப், ஜி, ஈ. மேலைநாட்டுப் பெயரில் சொன்னால் அதன் வலி விளங்காது. ஜியை ஸட்ஜமாக வைத்துப் பாருங்கள்: க, நி, ஸ, த. சாதாரண காந்தாரம், அங்கிருந்து எம்பிக் கைசிகி நிஷாதம், கீழே ஸட்ஜம், மறுபடி எம்பிச் சதுஸ்ருதி தைவதம். இதுவரை ஆலாபனை போன சுரவரிசை ஜி மைனர். அது நம் நடபைரவி ராகத்தின் சுரங்கள். அதன் தைவதம் சுத்த தைவதம். நாலாவது சுரத்தில் கில்மோர் அந்தத் தைவதத்தை அரைப்படி மேலே ஏற்றிவிடுகிறார். ஒரே சுரத்தில் நடபைரவியின் கதவு திறந்து கரகரப்பிரியா தெரிகிறது. கேட்பவருக்கு 'ஏதோ ஒன்று முடியாமல் தொங்குகிறது' என்று தோன்றுவது அதனால்தான். ஆர்மோனியப் பெட்டி வீட்டில் இருந்தால் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். கடைசிச் சுரத்தை ஈ ஃபிளாட்டாக மாற்றி அழுத்தினால் மாயம் போய்விடும், வெறும் சோகம் மட்டும் மிஞ்சும்.

அந்த நாலு சுரமும் திரும்பத் திரும்ப ஒலித்து, பிறகுதான் டிரம்மும் பேஸும் விழுகின்றன. பாட்டின் முதல் வரி வருவதற்கு எட்டரை நிமிடத்துக்கு மேல் ஆகிறது. வாட்டர்ஸ் பாடுகிறார். வெனெட்டா ஃபீல்ட்ஸ், கார்லினா வில்லியம்ஸ் என்ற இரு பெண்கள் பின்குரல் கொடுக்கிறார்கள். பிறகு டிக் பாரியின் சாக்ஸஃபோன். கனத்த பாரிட்டோனில் தொடங்குகிறார், காலம் இரட்டிக்கும் இடத்தில் டெனருக்கு மாறுகிறார். கித்தார் மட்டும் தன் பழைய நடையை விடாமல் கீழே மீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த மாற்றத்தைப் பிடிக்க ஒரு வழி: சாக்ஸை விட்டுவிட்டுக் கித்தாரை மட்டும் கவனியுங்கள். ஒன்று ஓட, ஒன்று நடக்கும்.

இவ்வளவும் ஒருமுறை வாசித்து முடித்த பிறகு வீணாய்ப் போனதும் உண்டு. அடித்தளப் பதிவின்மேல் எக்கோ தவறுதலாக ஏறிவிட்டது. ஏறியதைப் பிரித்தெடுக்க முடியாது; முழுவதையும் மறுபடி வாசித்தார்கள். நாம் கேட்பது அந்த இரண்டாம் வாசிப்பு.

இந்தத் தட்டு பேசும் அந்த ஒரே ஆள் சிட் பாரெட். குழுவைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர், 1967இல் வந்த முதல் தட்டின் பெரும்பாலான பாட்டுகளை எழுதியவர். மனநிலை குலைந்து, 1968இல் குழுவைவிட்டு வெளியேறினார். 1975 ஜூன் 5ஆம் தேதி, இவர்கள் ஆபி ரோட்டில் வேலையாய் இருந்தபோது, தலையும் புருவமும் மழித்த பருத்த மனிதர் ஒருவர் உள்ளே வந்து நின்றார். யாரென்று யாருக்கும் தெரியவில்லை. அவர்தான் பாரெட் என்று தெரிந்ததும் வாட்டர்ஸ் அழுதுவிட்டார். அவரைப் பற்றிய பாட்டை முடித்துக்கொண்டிருந்த நேரம் அது. இந்தச் செய்தியைத் தட்டு கேட்பதற்கு முன்னால் அறிந்துகொள்வதைவிட, ஒருமுறை கேட்ட பிறகு அறிவது நல்லது. ஆனால் இப்போது படித்துவிட்டீர்கள். பரவாயில்லை, பாட்டு தாங்கும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்கள் என்ற தொழிலாளர் வரிசை வீடுகள் காலியான நம் பக்கத்து ஊர்களில், ஆள் இருக்கும்போதே ஆளைத் தேடும் பாட்டுக்கு விளக்கவுரை எழுத வேண்டியதில்லை.

முதல் பக்கத்தின் இரண்டாவது பாட்டு 'வெல்கம் டு தி மெஷின்'. இசைத் தொழில் ஒரு இளைஞனை விழுங்கும் கதை. இஎம்எஸ் நிறுவனத்தின் விசிஎஸ் 3 சின்தசைசரைக் கொண்டு செய்த ஆலைத் துடிப்பு, அதன்மேல் பன்னிரண்டு கம்பிக் கித்தார். செம்பனை ஆலை அருகே குடியிருப்பவர்களுக்கு அந்தத் துடிப்பு பழகியதுதான். இரவு வேலை நடக்கும்போது சுவர்வழியே வருவதும் அதே மாதிரிச் சீரான முக்கல். ஒரு வரி கில்மோரின் குரலுக்கு எட்டாததால் டேப்பை அரைச்சுரத்தில் பாதி இறக்கி ஓட்டிப் பாட வைத்தார்கள். டிரம் செட் இல்லாததால் பாட்டுக்கு அடிநிலம் இல்லை. அதுதான் அதன் கொடூரம்.

கேட்பவர்கள் தகராறு சொல்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: 'சத்தம் கரகரக்கிறது, தட்டு கெட்டுவிட்டது'. எப்போதும் தட்டின் குற்றம் அல்ல. தட்டு எங்கேயும் ஒரே சுற்றுவேகத்தில்தான் சுழல்கிறது. ஆனால் வெளி விளிம்பில் ஊசிக்குக் கீழே விநாடிக்கு 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடினால், உள்ளே லேபிளுக்குப் பக்கத்தில் 21 சென்டிமீட்டர்தான் ஓடும். அதே இசையை அதில் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கிச் செதுக்க வேண்டும். வட்டமுனை ஊசி அந்த நெருக்கலுக்குள் சரியாக இறங்காது. 'மெஷின்' போன்ற கூரான சத்தமுள்ள பாட்டு உள்வட்டத்தில் வந்து மாட்டிக்கொண்டிருக்கிறது. நீள்வட்ட முனை ஊசி போட்டால் பாதிக்குமேல் சரியாகும். ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் கோணலாகப் பொருத்தியிருந்தால் எந்த ஊசி போட்டாலும் சரியாகாது. கோண அளவுகோல் தாளை அச்சடித்து வைத்துப் பொருத்திவிட்டுப் பிறகு பேசலாம்.

இன்னொரு வழக்கம் உண்டு, அதை விட்டொழிக்க வேண்டும். ஊசி துள்ளினால் அதன் தலைமேல் காசு வைப்பது. பெரும்பாலான மூவிங் மேக்னட் (காந்தம் அசையும் வகை) கார்ட்ரிட்ஜுக்கு 1.5இலிருந்து 2 கிராம் அழுத்தம் போதும். காசு வைத்தால் அது பலமடங்காகி, ஊசி பள்ளத்தின் சுவரை உழுதுவிடும். துள்ளலுக்குக் காரணம் பெரும்பாலும் அழுக்கு, அல்லது ஆடும் பலகைத் தரை. தரையென்றால் பிளேயரைச் சுவரில் அடித்த தாங்கியில் வையுங்கள்.

தட்டைத் திருப்புவதற்கு முன் இயந்திரத்தையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் தோட்டப் பட்டணங்களுக்கு வரும் பழைய பிளேயர்களில் நிறைய, ஜப்பானிலிருந்து கொள்கலனில் வந்தவை. அவை 100 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் சுவரில் வருவது 240. மாற்றியில்லாமல் சொருகினால் புகைதான் வரும். அதுவாவது உடனே தெரிந்துவிடும். தெரியாமல் ஏமாற்றுவது மின் அலைவு. நமக்கு 50 ஹெர்ட்ஸ். ஜப்பானில் கிழக்குப் பக்கம் 50, மேற்குப் பக்கம் 60. பெல்ட்டில் ஓடும் பழைய மாடல்களில் மோட்டார் மின்னலைவைப் பின்பற்றியே சுழலும். 60 ஹெர்ட்ஸுக்கான கப்பியோடு வந்த பிளேயரை இங்கே ஓட்டினால் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்குப் பதில் 27.8 சுற்றுதான் வரும். சுருதி மூன்று அரைச்சுரத்துக்குமேல் இறங்கும். பதின்மூன்றரை நிமிடப் பாட்டு பதினாறு நிமிடத்தைத் தாண்டும். ஏற்கெனவே மெதுவான தட்டு என்பதால் பலருக்கு இது உறைப்பதே இல்லை. 'சோகமான இசை, இப்படித்தான் இருக்கும்' என்று ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

சோதிக்கத் தட்டே போதும். கைப்பேசியில் கித்தார் டியூனர் செயலியைத் திறந்து, முதல் பக்கத் தொடக்கத்தில் வரும் முழக்கத்தின் அடிச்சுரத்தைப் பிடியுங்கள். ஜி காட்ட வேண்டும். ஈக்குப் பக்கத்தில் காட்டினால் கப்பி தவறு. மோட்டார்த் தண்டில் 50 ஹெர்ட்ஸுக்கான பெரிய கப்பியைப் போட்டால் தீர்ந்தது. பெல்ட் இல்லாமல் மோட்டாரே தட்டைச் சுழற்றும், படிகத்தால் வேகத்தைப் பிடித்துவைக்கும் குவார்ட்ஸ் லாக் டைரக்ட் டிரைவ் வகைகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது, வோல்ட் மாற்றி மட்டும் போதும். சுருதி சரியாக இருந்தும் சத்தம் கொசு ரீங்காரம்போல் மெலிந்து கேட்டால், பிளேயரை ஆம்பிளிஃபயரின் ஆக்ஸ் துளையில் சொருகியிருக்கிறீர்கள் என்று பொருள். ஃபோனோ துளை வேண்டும், இல்லையென்றால் தனியாக ஒரு ஃபோனோ முன்பெருக்கி வாங்க வேண்டும். தட்டில் பேஸ் ஒலியைக் குறைத்தும் கூர் ஒலியைக் கூட்டியும் செதுக்குவார்கள். அதைத் திருப்பிப் போடும் வேலையை ஃபோனோதான் செய்கிறது.

பூஞ்சணம் பற்றி. நம் காற்றின் ஈரத்தில் தட்டு கெடுவதில்லை, தட்டின்மேல் வெள்ளைப் புள்ளியாகப் பூப்பதுதான் வளர்கிறது. அதற்குத் தீனி காகித உள்ளுறை. ஆகவே தட்டைக் கழுவிவிட்டுப் பழைய உறையிலேயே திரும்பப் போடுவது வீண் வேலை. காய்ச்சி வடித்த நீர் நான்கு பங்கு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, லிட்டருக்கு ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு. அந்த சோப்பு முக்கியம்: செம்பனை ஆலைக் கொதிகலனில் நாரும் ஓடும் எரிந்து வரும் கரி எண்ணெய்ப் பசையோடு படியும், வெறும் நீர் அதை அசைக்காது. மெல்லிய தூரிகையால் பள்ளத்தின் வட்டத்தோடு சுற்றித் தேயுங்கள், குறுக்கே தேய்க்காதீர்கள், லேபிளை நனைக்காதீர்கள். வெறும் வடிநீரில் இன்னொருமுறை அலசி, தட்டு காயும் அடுக்கில் நிறுத்தி நிழலில் உலர்த்துங்கள். பழைய 78 சுற்றுத் தட்டுகளுக்கு மட்டும் இந்தக் கலவை ஆகாது, ஆல்கஹால் அவற்றைக் கரைத்துவிடும். புதிய பாலித்தீன் உள்ளுறை, நிமிர்த்தி அடுக்குதல், மேற்கு வெயில் படும் சுவரிலிருந்து தள்ளி வைத்தல். வெயிலில் நிறுத்திய காரில் பத்து நிமிடம்கூட வேண்டாம்.

பழைய தட்டு வாங்குகிறவர்கள் ஒன்றைப் பார்க்கலாம். முதல் பக்கத்தின் வெளி விளிம்பில் ஒரு விரல் அகலத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் ஆராயுங்கள். முழுத் தட்டிலும் மிக மெதுவான பகுதி அங்கேதான் இருக்கிறது, விளிம்பில் பிடிக்கும் கைகள் கீறுவதும் அங்கேதான். மற்ற இடத்துக் கீறலை இசை மூடிவிடும், அந்த இடத்துக் கீறலை எதுவும் மூடாது. பிரிட்டிஷ் முதல் பதிப்பின் எண் எஸ்எச்விஎல் 814, ஹார்வெஸ்ட் லேபிள். அமெரிக்கப் பதிப்பு கொலம்பியா, பிசி 33453.

அட்டைக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. ஸ்டோர்ம் தோர்கர்சனும் ஆப்ரி பவலும் நடத்திய ஹிப்னோசிஸ் நிறுவனத்தின் வேலை. இரு கனவான்கள் கைகுலுக்குகிறார்கள், ஒருவர் எரிந்துகொண்டிருக்கிறார். ஒட்டுவேலை இல்லை. ரானி ரொண்டெல் என்ற சண்டைக் கலைஞருக்கு உண்மையிலேயே தீ வைத்து, கலிபோர்னியாவில் பர்பாங்க் ஊரின் வார்னர் ஸ்டூடியோ வளாகத்தில் எடுத்த படம். காற்று தப்பான பக்கம் அடித்து அவர் மீசை கருகியது. இருவரையும் இடம் மாற்றி நிறுத்தி எடுத்து, பிறகு படத்தை இடவலம் திருப்பி அச்சடித்தார்கள். இந்த அட்டையையும் கருமையான பிளாஸ்டிக் உறையால் மூடி, இரண்டு இயந்திரக் கைகள் குலுக்கும் ஒட்டுப்படம் ஒன்றை மட்டும் வெளியே ஒட்டி விற்றார்கள். அட்டைப் படமும் 'இங்கே இல்லை' என்று ஆகிவிட்டது! பின்னட்டையில் பாலைவனத்தில் முகமில்லாத விற்பனைக்காரர். உள்ளே காற்றில் பறக்கும் துகில், அலையே எழுப்பாமல் ஏரியில் தலைகீழாக இறங்கிய மனிதனின் கால்கள். நெருப்பு, மண், காற்று, நீர். மேலைநாட்டுக் கணக்கில் நான்கோடு முடிந்தது. நம் கணக்கில் ஐந்தாவதான ஆகாயத்தைத் தட்டுக்குள் தேடினால் கிடைக்கும், அந்தத் தொடக்க நான்கு நிமிடத்தில்.

இரண்டாம் பக்கம். 'ஹேவ் எ சிகார்' இசை நிறுவன முதலாளியின் வாயால் பாடும் பாட்டு. பாராட்டிக்கொண்டே, 'உங்களில் பிங்க் யார்?' என்று கேட்கும் ஆள் அவர். பிங்க் என்று யாருமே இல்லை. பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில் என்ற இரு ப்ளூஸ் கலைஞர்களின் முதற்பெயர்களை ஒட்டிச் செய்தது குழுவின் பெயர். வாட்டர்ஸின் தொண்டை 'ஷைன் ஆன்' பாடியே களைத்திருந்தது. கில்மோர் பாட மறுத்தார். அதே கட்டடத்தில் தம் தட்டைப் பதிவு செய்துகொண்டிருந்த ராய் ஹார்ப்பர் என்ற ஆங்கிலேயப் பாடகர் வந்து பாடிக் கொடுத்தார். அந்நியக் குரலானது பாட்டுக்கு நல்லதாகவே அமைந்தது. குழுவைப் புரிந்துகொள்ளாத ஒருவரின் வாயாகவே அது ஒலிக்கிறது.

இதன் முடிவில்தான் ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்க்கிறவர்கள் உண்டு. கித்தார் முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே, 'ஷ்க்' என்ற உறிஞ்சலோடு மொத்தச் சத்தமும் சுருங்கி ஒரு சின்ன ரேடியோவுக்குள் போய்விடும். கம்பி கழன்றுவிடவில்லை, அப்படியே விடுங்கள். யாரோ அலைவரிசையைத் திருப்புகிறார்கள். பேச்சு ஒன்று போகிறது, சைகோவ்ஸ்கியின் நாலாவது சிம்பொனி ஒரு கணம் வந்து போகிறது. கில்மோரின் கார் ரேடியோவிலிருந்து பதிவு செய்தது அது. கடைசியில் ஒரு பன்னிரண்டு கம்பிக் கித்தார், அதே மெலிந்த ரேடியோக் குரலில். கொஞ்ச நேரத்தில், அந்த ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருந்தவர் தம் அறையில் கித்தாரை எடுத்து உடன் வாசிக்கத் தொடங்குகிறார். அவர் தொண்டையைச் செருமுவது கேட்கிறது. இந்தக் கித்தார் மட்டும் முழு உருவோடு, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்ததுபோல ஒலிக்கிறது. தூரத்தில் ஒருவன், இங்கே ஒருவன். ரேடியோவில் இருப்பவனுக்கு இவன் இருப்பது தெரியாது. தலைப்புப் பாட்டின் ஒரு சொல்லும் இன்னும் பாடவில்லை, சொல்ல வேண்டியது முழுவதும் சொல்லி முடிந்துவிட்டது. இந்த ஒரு நிமிடத்துக்காகவே கொஞ்சம் நல்ல ஸ்பீக்கர் வாங்கலாம். கைப்பேசியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்டால் இரண்டு கித்தாரும் ஒன்றுபோல மெலிந்துதான் கேட்கும், அந்த இடைவெளியே இருக்காது.

கித்தார் பழகும் பிள்ளைகள் எல்லாரும் எடுக்கும் பாட்டு இது, பெரும்பாலும் தப்பாக எடுக்கிறார்கள். தொடக்கம் ஈ மைனர் செவன்த்தும் ஜியும் மாறி மாறி வருவது. இரண்டுமுறை அப்படிப் போய், பிறகு ஏ செவன் சஸ் ஃபோர். மோதிர விரலும் சுண்டு விரலும் மேல் இரு கம்பிகளில் மூன்றாவது கட்டத்தில் இந்தத் தொடக்கம் முடியும்வரை அசையவே கூடாது. மற்ற இரு விரல்கள்தான் இடம் மாறும். திறந்த கம்பி ஜியைப் பிடித்துப் பிடித்து எடுத்தால் மேலே இடைவிடாமல் ஒலிக்க வேண்டிய அந்த இரு சுரமும் அறுந்து அறுந்து வரும். பாட்டு அதே பாட்டாகத் தெரியும், ஆனால் உயிர் இருக்காது.

பாட்டின் முடிவில் காற்று எழும் இடத்தில், ஹெட்ஃபோனில் கவனித்தால், வெகு மங்கலாக ஒரு வயலின். பிரெஞ்சு ஜாஸ் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லி. அவ்வளவு மெல்லியதாக வைத்துவிட்டுப் பெயரைப் போட்டால் அவமதிப்பாகும் என்று அட்டையில் அவர் பெயரைப் போடவில்லை. அந்த வயலின் முழுதாகக் கேட்கும் வடிவம் 2011 மறுவெளியீட்டில் வந்தது. அழகுதான். ஆனாலும் தட்டில் அதை மறைத்தது நியாயம். அது முன்னால் வந்திருந்தால் அறையில் தனியே வாசித்துக்கொண்டிருந்தவனுக்குத் துணை கிடைத்திருக்கும்.

அந்தக் காற்று அறுபடாமல் 'ஷைன் ஆன்' இரண்டாம் பாதிக்குள் போகிறது. கோப்புகளாக மாற்றிக் கேட்பவர்களுக்கு இங்கே ஒரு விநாடி வெட்டு விழும். செயலியில் இடைவெளியற்ற இயக்கத்தைப் போடுங்கள். பாட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று மங்கச் செய்யும் வசதியையும், கலைத்துப் போடும் வசதியையும் அணைத்துவிடுங்கள். கேசட்டில் பதிபவர்களுக்கு அறுபது நிமிட நாடா போதும், பக்கத்துக்கு ஏழிலிருந்து ஒன்பது நிமிடம் வெறுமையாக மிஞ்சும். அந்த மிச்சத்தில் வேறு பாட்டைத் திணிக்காதீர்கள்.

இரண்டாம் பாதியில் கில்மோர் மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கித்தார், தட்டின் மிக மூர்க்கமான வாசிப்பு. குரல் மறுபடி வந்து போகிறது. ஒன்பது பகுதிகள் கொண்ட இந்தப் பாட்டில் பிறகு வரும் எட்டாம் பகுதி, துள்ளல் தாளத்தில் கிளாவினெட் என்ற மின் கீபோர்டை வைத்துக்கொண்டு போவது, தட்டின் ஒரே தொய்வு. வாசிப்பில் குறை இல்லை, தேவையில்தான் குறை. மூன்று நிமிடம் வேறு யாருடைய வீட்டிலோ இருந்துவிட்டு வந்ததுபோல இருக்கும்.

ஒன்பதாம் பகுதி ரைட் தனியாக அமைத்தது. மெதுவான நாலு எண்ணிக்கைத் தாளம், இழவு வீட்டிலிருந்து புறப்படும் ஊர்வலத்தின் நடை. பாட்டு மங்கத் தொடங்கும்போது எழுந்துபோய் ஊசியை எடுக்காதீர்கள். உள்வட்டம்தான், ஆனால் இங்கே இசை மெல்லியது, கரகரப்பு வராது. பன்னிரண்டு நிமிடத்தைத் தாண்டியதும் சின்தசைசரில் ஒரு பழைய மெட்டின் துண்டு கேட்கும். 1967இல் வந்த 'சீ எமிலி ப்ளே'. சிட் பாரெட் எழுதியது. அவர் குரல் இல்லை, சொல் இல்லை, மெட்டு மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. அதன்பின் நிற்கும் கடைசி ஒலிக்கூட்டு ஜி மேஜர். நாலு சுரத்தில் முதலாவதாய் விழுந்த சாதாரண காந்தாரம், 40 நிமிடம் கழித்து, அரைப்படி ஏறி அந்தர காந்தாரமாக நிற்கிறது. பிறகு லேபிளைச் சுற்றி ஊசி உரசும் சத்தம்.